மண் நகரும் இடத்தில் 'மண்ணின் மைந்தர்'

பூர்வகுடி உரிமை என்று நாம் எழுதத் தொடங்கியதுமே 'மண்', 'வேர்' என்கிற இரண்டு சொற்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இவற்றைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும் என்கிறேன். அதற்கு மரோனி ஆற்றின் முகத்துவாரம் எனக்கு உதவுகிறது.

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரை. ஆற்றுக்கு மேற்கே சுரிநாம், கிழக்கே பிரெஞ்சு கயானா. இரண்டு கரையிலும் கலின்யா மக்கள். ஒரே மொழி, கொண்டான் கொடுத்தான் உறவு. ஹாலந்தும் பிரான்சும் அந்த ஆற்றை எல்லையாக்கின. 1975இல் சுரிநாம் விடுதலையடைந்தது. கிழக்குக் கரை இன்னும் பிரான்ஸ்தான். தங்கச்சி வீட்டுக்குப் படகேறுகிறவன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைகிறான்!

கரையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அமேசான் கொட்டும் சேறு மேடு மேடாகத் திரண்டு வடமேற்கே ஊர்கிறது, ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். மேடு தங்கும் இடத்தில் அலையாத்திக் காடு முளைக்கும். அது நகர்ந்ததும் கடல் கரையைத் தின்னும். பக்கத்து மானாவில் நெல்வயலுக்குக் கட்டிய தடுப்புகளையே கடல் உடைத்தது. எல்லாத்துக்கும் காலநிலை மாற்றம்தான் காரணம்னு எழுதிட்டா வேலை சுலபம். ஆனால் இந்த ஊர்தல் அதற்கு எவ்வளவோ முந்தியது. இங்கே இடம் மாறுவது வாழும் முறையின் ஒரு பகுதி.

இதை அரசின் சொல்லாடல் எப்படி வாசிக்கிறது? 1986இல் சுரிநாமில் உள்நாட்டுப் போர். பல்லாயிரம் பேர் ஆற்றைத் தாண்டினார்கள். பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து தப்பியோரின் வழிவந்த மரூன்கள், கலின்யாக்களும் உண்டு. பிரான்ஸ் அவர்களை 'அகதிகள்' என்று ஏற்கவில்லை. 'சுரிநாமிலிருந்து தற்காலிகமாக இடம்பெயர்ந்தவர்கள்' என்று புதிதாக ஒரு வகையினத்தைக் கட்டமைத்தது. உறவினர் ஊருக்கு வந்த கலின்யாவிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'இடம்' எது, 'பெயர்ந்தது' எங்கிருந்து?

2015 நவம்பரில், அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் கலின்யா, லொகோனோ மக்களின் எட்டு ஊர்களுக்குக் கூட்டு நில உரிமை தரும்படி சுரிநாமுக்கு உத்தரவிட்டது. பெரிய வெற்றி, குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பு ஆற்றோடு நின்றுவிடுகிறது. எதிர்க்கரையில் பிரெஞ்சு அரசமைப்பு, பிரிக்க முடியாத 'ஒரே மக்கள்' தவிர வேறு மக்களை ஏற்பதில்லை. நில உரிமை கேட்கிறவர் கோடு போட்ட வரைபடத்தைக் காட்டியாக வேண்டும்; போராட்ட உத்தியாக அது சரி. அந்த உத்தியையே நாம் தத்துவமாக்கி, அசையாமல் இருப்பவனே பூர்வகுடி என்று பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது. 'மண்ணின் மைந்தர்' என்ற முழக்கம் யார் கைக்குப் போகும் என்பது அறுபதுகளில் பம்பாயில் சிவசேனையிடம் அடி வாங்கிய தமிழனுக்குத் தெரியும்.

2007ஆம் ஆண்டின் ஐ.நா. பூர்வகுடிகள் பிரகடனத்தில் 36ஆம் பிரிவு, எல்லைகளால் பிரிக்கப்பட்ட மக்கள் எல்லை தாண்டி உறவு பேணும் உரிமையைச் சொல்கிறது. பிரான்ஸ் ஆதரித்து வாக்களித்தது. நம் கட்டுரைகளிலோ நிலம் பற்றிய பிரிவுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன; இந்த 36 வருவதே இல்லை. இத்தனைக்கும் ஆற்றில் போட்ட கோடு நிற்காது என்பது பிரெஞ்சு அரசுக்கே தெரியும். அதனால்தான் ஆற்றைவிட்டு வெகுதூரம் உள்ளே, கயேன் போகும் சாலையில் இராக்குபோவில், போலீஸ் சோதனைச் சாவடி வைத்துக் காகிதம் கேட்டது. இராக்குபோ வட்டாரத்திலும் கலின்யா ஊர் இருக்கிறது.