ரெண்டு கல்லு, ஒரு டிரம்மு, ஒரு சாக்லெட் ஃபேக்டரி!

சாக்லெட் ஃபேக்டரி பார்க்க சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் போடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க, முதலில் கோயம்புத்தூருக்கு வாங்க! இங்கே ஒரு கிரைண்டர் பட்டறையில் கோகோ அரைபடுவதைப் பார்த்ததிலிருந்து, எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

1955-இல் கோவையில் பி. சபாபதி மாவு கிரைண்டரை உருவாக்கினார். தோள் வலிக்க ஆட்டுக்கல் சுற்றிய வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டது. பிற்பாடு 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் வாங்கியது. இதுவரை ஊருக்கே தெரிந்த கதை. இனிமேல் வருவதுதான் அசத்தல்!

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சாக்லெட் ஆலைகளில் கோகோ அரைக்க 'மெலாஞ்சர்' என்றொரு பூதம் இருந்தது. கருங்கல் தளம், அதன்மேல் உருளும் கருங்கல் உருளைகள். சாக்லெட்டை வழுவழுப்பாக்க 1879-இல் ரோடால்ஃப் லின்ட் கொண்டுவந்த 'கான்ச்' இயந்திரத்திலும் உருளைதான் மணிக்கணக்கில் ஓடியது. ஆலைக்கென்றே செய்த பூதத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வீட்டிலேயே சாக்லெட் செய்ய முயன்ற ஜான் நான்சி தேடிப்பிடித்த பதில், நம்ம இட்லி மாவு கிரைண்டர்! இன்று பல நாடுகளில் சின்னச் சின்ன சாக்லெட்காரர்கள் இந்தக் கல்லை நம்பித்தான் தொழில் நடத்துகிறார்கள்.

பட்டறையில் நான் பார்த்த சாக்லெட் கிரைண்டரின் அமைப்பைப் பாருங்க, என்ன அழகு! டிரம்மின் அடியில் கருங்கல் பதித்திருக்கிறது. டிரம் சுற்றச் சுற்ற, மேலிருக்கும் உருளைக் கற்கள் தாமாக உருளுகின்றன. கற்களை இறுக்கி அழுத்த ஒரு திருகு, சூட்டைத் தாங்கும் மோட்டார். சாக்லெட்டுக்காகச் சேர்த்தது பெரும்பாலும் இவ்வளவே. "மாவுன்னா அரை மணி நேரமுங்க. இது ரெண்டு நாள் நிக்காம ஓடோணும்" என்றார் பட்டறைக்காரர்.

வறுத்து, தோல் நீக்கி உடைத்த கோகோவைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டார். முதலில் கடகடவென்று சத்தம். சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஊற்றினால் கட்டி தட்டிவிடும். கோகோவில் பாதிக்கு மேல் கொழுப்பு. உரசும் சூட்டிலேயே அது உருகி, கொஞ்ச நேரத்தில் பளபளக்கும் குழம்பாகிவிட்டது. மூக்கில் ஏறியது புளிப்பு வாடை. கொட்டை புளிக்கும்போது உண்டான அமிலம் ஓட ஓட ஆவியாகிப் போகுமாம். பக்கத்து டிரம்மில் முந்தின நாளிலிருந்து ஓடிய குழம்பை மோந்து பார்த்தேன். அடடா, நின்ற இடத்திலேயே கரைந்துபோனேன்!

கோகோவுக்கும் வெளிநாடு போக வேண்டாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் காய்த்துத் தொங்குகிறது. சொந்தத் தோட்டத்துக் கோகோவில் 'சோக்லெட்' நிறுவனம் அங்கேயே சாக்லெட் செய்கிறது.

அடுத்த முறை நல்ல கறுப்புச் சாக்லெட் கிடைத்தால் கடிக்காதீர்கள். நாக்கில் வைத்துக் கரைய விடுங்கள். துளி நறநறப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால், கருங்கல்லுக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்க. நான் ரெண்டு கையாலும் தட்டிவிட்டேன்!