வெட்டச் சொல்லும் வகுப்பு

பல குறுங்கதைப் பட்டறைகளில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் பெயர் வந்துவிடும். குழந்தைக் காலணி விற்பனைக்கு என்ற விளம்பரம்போல அமைந்த ஆறு சொல் கதையை அவர் பந்தயம் கட்டி எழுதினார் என்று சொல்வார்கள். அவர்தான் எழுதினார் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அதே கருவுள்ள துணுக்குகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டன. 1961இல் ஹெமிங்வே இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகே அந்தப் பந்தயக் கதை அச்சில் உலவத் தொடங்கியது.

பெயர் மாறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த உதாரணம் கற்பிக்கும் பாடம்தான் கவலை தருகிறது: சொற்கள் குறையக் குறையத் திறமை கூடுகிறது என்ற பாடம். ஹெமிங்வே உண்மையில் எழுதிவைத்தது வேறு. காளைச் சண்டையைப் பற்றி அவர் எழுதி 1932இல் வெளியான ‘டெத் இன் தி ஆஃப்டர்நூன்’ நூலில், எழுத்தாளர் தமக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்லாமல் விடலாம், வாசகர் அதை உணர்ந்துகொள்வார் என்கிறார். தெரியாததால் விட்டால் எழுத்தில் பொத்தல்தான் விழும் என்றும் அங்கேயே சேர்த்துச் சொல்கிறார். முதல் பாதி எழுத்து வகுப்புகளில் ஓயாமல் ஒலிக்கிறது. இரண்டாம் பாதி அபூர்வமாகத்தான் காதில் விழுகிறது. குறுங்கதைப் பயிற்சியின் பலம் முதல் பாதியிலிருந்தும், அதன் குறை இரண்டாவதை மறந்ததிலிருந்தும் வருகின்றன.

பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. நாவலோ நீண்ட சிறுகதையோ எழுதத் தொடங்கும் புதியவர் பாதியில் நின்றுவிடுவார். தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஒருமுறைகூடக் கட்டிப் பார்க்காமலே அவருடைய ஆர்வம் வடிந்துவிடும். குறுங்கதையில் ஒரே அமர்வில் முழுக்கதையும் கைக்கு வந்துவிடுகிறது. ஒரு படத்தைக் காட்டிப் பதினைந்து நிமிடத்தில் எழுதச் சொல்வது, எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்வது, பிறகு அதைப் பாதியாக வெட்டச் சொல்வது என்று போகும் வழக்கமான பட்டறை முறையில், எழுதியவரே தம் வாக்கியங்களை முதல்முறையாக அந்நியர்போலப் பார்க்கிறார். ‘மிகவும்’, ‘திடீரென்று’, ‘ஏதோ ஒரு’ போன்ற சொற்கள் எவ்வளவு இடத்தை வீணாக அடைத்துக்கொண்டிருந்தன என்பது தெரியவருகிறது. கற்றுத்தருபவருக்கும் லாபம் உண்டு. இருபது பேருடைய கதைகளை ஒரே மாலையில் வாசித்து, ஒவ்வொன்றிலும் வரிவரியாகக் குறி போட முடியும். நீண்ட கதைகளில் அது நடக்காது.

அலுவலகம் முடிந்து பேருந்தில் நின்றுகொண்டே செல்பேசியில் எழுதுகிறவருக்கு இது கைக்கெட்டும் வடிவம். வீட்டு வேலைக்கு நடுவே அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிற பெண்ணுக்கும் அப்படியே. இலக்கியத்தின் வாசலை இவ்வளவு அகலமாகத் திறந்துவைக்கும் வடிவம் வேறு இல்லை.

தமிழ் இதைப் பட்டறைகள் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டது. குமுதம், குங்குமம் போன்ற வார இதழ்கள் வெளியிட்ட ஒரு பக்கக் கதைகள் எத்தனையோ வாசகர்களை எழுத்தாளர்களாக்கின. அந்தக் கதையின் நீளத்தைப் பக்கம்தான் தீர்மானித்தது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஜேம்ஸ் தாமஸும் டெனிஸ் தாமஸும் டாம் ஹஸூகாவும் 1992இல் 72 கதைகளைத் தொகுத்து ‘பிளாஷ் ஃபிக்‌ஷன்’ என்று பெயரிட்டபோது, சுமார் 750 சொற்களை எல்லையாக வைத்துக்கொண்டார்கள். சிறுபத்திரிகையில் எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்களில் அடங்கும் அளவு அது. காகிதம் விதித்த எல்லையைப் பிற்பாடு கலையின் இலக்கணமாகக் கற்பிக்கத் தொடங்கியதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒரு பக்கக் கதைக்குக் கடைசி வரியில் ஓர் அதிர்ச்சி தேவைப்பட்டது. பக்கத்தைப் புரட்டும் முன் வாசகர் ‘அட!’ என்று சொல்ல வேண்டும். அதனால் சில முடிவுகள் தேய்ந்துபோகும்வரை திரும்பத் திரும்ப வந்தன. கொஞ்சிக் கொஞ்சி வளர்த்த செல்லம் கடைசியில் நாய்க்குட்டி என்று தெரியும். கொலை நடக்கும் நேரத்தில் இயக்குநர் ‘கட்’ சொல்வார். தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் மகன் முதியோர் இல்ல வாசலில் நிறுத்துவான். இந்த உத்தியைப் பழகிய கை, எந்தக் கருவை எடுத்தாலும் முடிவிலிருந்து பின்னோக்கித்தான் கதையைக் கட்டும். நடுவில் வரும் மனிதர்கள் அந்த முடிவை மறைத்துவைக்கும் திரையாகிவிடுவார்கள். முதியோர் இல்லக் கதையில் அந்தத் தாய் யார், மகனுக்கு என்ன நெருக்கடி, காருக்குள் இருவரும் என்ன பேசினார்கள் என்பதையெல்லாம் எழுத முடியாது. எழுதினால் முடிவு முன்கூட்டியே வெளிப்பட்டுவிடும். வாசகரிடமிருந்து ஒரு தகவலைக் காப்பாற்றுவதற்காக ஒரு வாழ்க்கையே பலியாகிறது.

அதிர்ச்சி முடிவே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோ 1948இல் வெளியிட்ட ‘சியா ஹாஷியே’ தொகுப்பைப் பார்க்கலாம். பிரிவினைக் கலவரங்களைப் பற்றிய அந்த நூலில் உள்ள துணுக்குகள் பலவும் ஒரு பக்கத்தைத் தாண்டாதவை. சில இரண்டு மூன்று வரியிலேயே முடிந்துவிடும். ஒன்றில், காலை நேரத்தில் தள்ளுவண்டியில் பனிக்கட்டி விற்பவன் குத்திக் கொல்லப்படுகிறான். உருகும் பனிக்கட்டி நீர் அவன் உடல்மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. போலீஸ் வந்து உடலை எடுத்துப் போகிறது. பனிக்கட்டியும் இரத்தமும் தெருவிலேயே கிடக்கின்றன. அந்த வழியாக ஒரு குதிரைவண்டி போகிறது. அதில் இருக்கும் குழந்தை உறைந்து மின்னும் இரத்தத்தைப் பார்த்து, ஜெல்லி என்று தன் தாய்க்குக் காட்டுகிறது.

இந்த முடிவும் நெஞ்சில் அடிக்கிறது. ஆனால் மண்ட்டோ வாசகரிடம் எதையும் ஒளிக்கவில்லை. கொலை முதலிலேயே நடந்துவிட்டது, இரத்தமும் கண்ணெதிரே கிடக்கிறது. கடைசியில் வந்து சேர்வது ஒரு பார்வை மட்டுமே. இரண்டாவது முறை படித்தால் இன்னும் கனமாகிறது. நாய்க்குட்டிக் கதையை இரண்டாவது முறை படிக்க முடியாது. பட்டறையில் முடிவைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை முதலில் கற்றுத்தர வேண்டும். தகவலை மறைத்துப் பெறும் அதிர்ச்சி ஒருமுறைதான் வேலை செய்யும். பார்வை மாறுவதால் வரும் அதிர்ச்சிக்கு அந்த வரம்பு இல்லை.

சொல் எண்ணிக்கைக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் வெளிவரும் ‘நியூ டைம்ஸ்’ வார இதழில் 1987இல் ஸ்டீவ் மாஸ் தொடங்கிய 55 சொல் கதைப் போட்டி பல நாடுகளுக்குப் பரவியது. ஓர் இடம், ஒரு பாத்திரமாவது, ஒரு மோதல், ஒரு தீர்வு, மொத்தம் 55 சொற்களுக்குள். தலைப்பு கணக்கில் சேராது. விதி தெளிவானது, விளையாட்டு சுவாரஸ்யமானது. சுஜாதா அதைத் தம் பத்திகளில் எழுதித் தமிழ் வாசகர்களிடம் கொண்டுவந்தார். பலர் ஆசையோடு எழுதிப் பார்த்தார்கள்.

ஆனால் தமிழில் 55 என்பது ஆங்கிலத்தின் 55 அல்ல. ‘போகாமலிருந்திருக்கலாம்’ என்று தமிழில் ஒரே சொல்லாக நிற்பது ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாகப் பிரியும். ‘போய்விட்டான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் இரண்டு. போட்டிக்கு எழுதுபவர் கதையைச் செதுக்குவதற்குப் பதில் சொற்களை ஒட்டத் தொடங்கிவிடுகிறார். கணினியின் எண்ணிக்கை அதற்கு ஒத்துழைக்கிறது. தமிழில் வகுப்பு நடத்துகிறவர்கள் ஆங்கில எண்களை அப்படியே எடுத்து விதியாக்காமல், எத்தனை காட்சி, எத்தனை மனிதர், எவ்வளவு நேரம் என்று எல்லை வைப்பது பொருத்தமாக இருக்கும். ஒரு காட்சி, இரண்டு பேர், பத்து நிமிடம் என்ற எல்லைக்குள் எழுதச் சொன்னால் சுருக்கம் தானாக வரும். சொல்லை ஒட்டுவதால் அங்கே எந்த ஆதாயமும் இல்லை.

வெட்டுவதன் விலை என்ன என்பதற்கு இலக்கிய உலகில் ஒரு வெளிப்படையான சான்று இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் கதைகளை அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் கடுமையாகச் சுருக்கி 1981இல் ‘வாட் வி டாக் அபவுட் வென் வி டாக் அபவுட் லவ்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். பல கதைகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. அச்சுக்குப் போவதற்கு முன், 1980 ஜூலையில், வெளியீட்டை நிறுத்தும்படி கார்வர் லிஷுக்கு மன்றாடிக் கடிதம் எழுதினார். நூல் வெளிவந்தது, புகழும் பெற்றது. அதில் ‘தி பாத்’ என்ற கதையில், பிறந்தநாளன்று கார் மோதி மயங்கிக் கிடக்கும் சிறுவனின் பெற்றோரை, வாங்கப்படாமல் போன கேக்குக்காக ஒரு பேக்கரிக்காரர் தொலைபேசியில் விடாமல் அழைத்துக்கொண்டிருக்கிறார். அழைப்பது யார் என்று அவர்களுக்கு விளங்குமுன்பே கதை அறுந்து நின்றுவிடுகிறது. பயம் உறைகிறது, சந்தேகமில்லை. 1983இல் ‘கதீட்ரல்’ தொகுப்பில் கார்வர் அதே கதையை ‘எ ஸ்மால், குட் திங்’ என்ற பெயரில் முழுமையாகக் கொடுத்தார். அதில் மகனை இழந்த பெற்றோர் ஆத்திரத்தோடு பேக்கரிக்குப் போகிறார்கள்; அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு, சூடான ரொட்டியை எடுத்துவைத்துச் சாப்பிடச் சொல்கிறார். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டும் நல்ல கதைகளே. இரண்டும் ஒரே கதை என்று மட்டும் சொல்ல முடியாது. லிஷின் பேனா கூடுதல் சொற்களோடு சேர்த்து அந்தப் பேக்கரிக்காரரின் மனதையும் எடுத்துவிட்டது. எந்தப் பத்தியை எடுத்தால் உலகத்தைப் பற்றிய கதையின் தீர்ப்பே மாறிவிடும் என்று மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வெட்டியபின் எஞ்சுவது அழகாக இருக்கிறதா என்று மட்டுமே கேட்கும் வகுப்பு இந்தக் கேள்விக்கு வருவதே இல்லை.

‘சொல்லாதே, காட்டு’ என்ற விதியையும் புதுமைப்பித்தன் முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1934இல் மணிக்கொடி இதழில் வந்த ‘பொன்னகரம்’ சில பக்கங்களே கொண்ட கதை. குதிரைவண்டி ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். மில் வேலை செய்யும் அம்மாளுவின் கையில் அவனுக்குக் கஞ்சி வைக்கக் காசில்லை. இருட்டுச் சந்தில் ஒருவனோடு போய் முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். இன்றைய பட்டறைக்கு இந்தக் கதை வந்தால் இரண்டு இடங்களில் சிவப்பு மை விழும். தொடக்கத்தில் ஊரைப் பற்றிய நீண்ட வர்ணனை எதற்கு என்று கேட்பார்கள். கடைசியில் ஆசிரியரே நேராக வாசகரை விளித்துக் கற்பைப் பற்றிச் சொல்வதை எடுத்துவிடச் சொல்வார்கள். அப்படி எடுத்தால் எஞ்சுவது ஓர் ஏழைப் பெண்ணின் பரிதாபம் மட்டுமே. அந்த ஊர் வர்ணனைதான் குற்றத்தை அம்மாளுவிடமிருந்து நகரத்தின்மேல் மாற்றுகிறது; கடைசி விளிப்புதான் வாசகரைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து இழுத்துக் கூண்டில் நிறுத்துகிறது. விதியை மீறியதால்தான் அந்தக் கதை இத்தனை ஆண்டுகள் கழித்தும் சுடுகிறது.

எதை விட்டுவைப்பது என்று கற்க விரும்புகிறவருக்குக் குறுந்தொகை பக்கத்திலேயே இருக்கிறது. அது கவிதை, கதை அல்ல. இருந்தாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் ஒரு சந்தர்ப்பம், பேசுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர், முன்பின் நடந்தவை எல்லாம் வெளியே என்ற அமைப்பு குறுங்கதைக்காரர் கவனித்துப் படிக்க வேண்டியது. அதன் 25ஆம் பாட்டான கபிலர் பாட்டில், தன்னைக் கூடியவன் வாக்குத் தவறினால் என்ன செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். அன்று அங்கே சாட்சியாக மனிதர் யாரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு கொக்கு, அதன் தினைத்தாள் போன்ற மெலிந்த கால்கள், அவ்வளவுதான். மலை, காடு, வானம் எல்லாவற்றையும் விட்ட கபிலர் கொக்கை ஏன் வைத்தார்? அந்தச் சாட்சியின் கவனமும் இரையின்மேல்தான் இருந்தது. அவள் தனிமை முழுவதும் அந்த ஒரு விவரத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு வகுப்பு முழுவதையும் இந்தக் கொக்கைப் பற்றிப் பேசிக் கழிக்கலாம், வீணாகாது.

ஆகவே முதலில் தெரிந்துகொள்வது, பிறகு வெட்டுவது என்று வரிசையை மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. ஜப்பானிய எழுத்தாளர் யசுநாரி கவாபாத்தா தம் இளமையிலிருந்தே உள்ளங்கைக் கதைகள் என்று பெயரிட்டு 140க்கும் மேற்பட்ட மிகச் சிறிய கதைகளை எழுதினார். 1972இல், தம் வாழ்வின் இறுதி மாதங்களில், ‘பனி நாடு’ நாவலைச் சில பக்கங்களுக்குள் சுருக்கினார். அந்த நாவலின் ஒவ்வொரு அறையும் அவருக்குத் தெரிந்திருந்தது. புதிய மாணவருக்கும் அதே வழியைச் சிறிய அளவில் அமைத்துக் கொடுக்கலாம். முதலில் ஆயிரம் சொற்களில் எழுதட்டும். பிறகு முந்நூறாகக் குறைக்கட்டும். வெட்டிய இடங்களைப் பற்றி ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்கட்டும்: அவள் எத்தனை வருடமாக அந்த மில்லில் வேலை செய்கிறாள், கடைசியாக எப்போது சண்டை போட்டாள், வாசல் தெருவைப் பார்த்திருக்கிறதா சந்தைப் பார்த்திருக்கிறதா? பதில் உடனே வந்தால் அந்த மௌனம் நிற்கும். யோசித்து இட்டுக்கட்டிச் சொன்னால் அங்கே பொத்தல் இருக்கிறது. இன்னும் எழுதிப் பார்த்துவிட்டு வர வேண்டும். போட்டி நடத்துகிறவர்களும் நடுவர்களிடம் ஒவ்வொரு கதையையும் ஒரு வாரம் கழித்து மறுபடி வாசிக்கச் சொல்லலாம். முதல் வாசிப்பில் மட்டும் பளிச்சிட்டவை அப்போது தாமே உதிர்ந்துவிடும்.

இதற்கான பாடநூல்களைத் தேடி அலையத் தேவையில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு 2000இல் வெளியிட்ட ‘புதுமைப்பித்தன் கதைகள்’ செம்பதிப்பில், பத்திரிகையில் வந்த வடிவத்துக்கும் நூல்வடிவத்துக்கும் இடையிலான பாட வேறுபாடுகள் தரப்பட்டிருக்கின்றன. கார்வரின் முழு மூலங்களும் 2009இல் ‘பிகினர்ஸ்’ என்ற நூலாக வந்துவிட்டன. இரண்டு வடிவங்களையும் மேஜையில் பக்கம் பக்கமாக விரித்துவைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் கேட்டு எழுதச் சொல்வதிலிருந்து அடுத்த பட்டறையைத் தொடங்கலாம்.