ஊழும் கோடரியும்

கதை சொல்லும் கலை காலந்தோறும் புதிய கருவிகளைத் தேடிக்கொள்கின்றது. ஏட்டிலும் மேடையிலும் திரையிலும் வளர்ந்த அக்கலை, இன்று வீடியோ விளையாட்டிலும் குடியேறியிருக்கின்றது. அதனை 'வீண் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடுவது பெரியோர்க்கு எளிது. ஆயின், இருபது முப்பது மணி நேரம் ஓர் இளைஞனின் உள்ளத்தோடு உறவாடும் கதை அவனுக்கு எதைக் கற்பிக்கின்றது என்று கேளாதிருப்பது அறிவுடைமையாகாது. ஆதலின் உலகெங்கும் இளைஞர் பலர் அறிந்த 'காட் ஆப் வார்' என்னும் விளையாட்டை, ஓர் இலக்கியத்தை ஆராயும் முறையிலேயே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். முடிவுகளையும் கூறவேண்டியிருத்தலின், இன்னும் ஆடாதோர் அதனை மனத்திற்கொள்க.

இவ்வரிசையின் முதல் விளையாட்டு 2005இல் வெளிவந்தது. அதிலும் அதன் தொடர்ச்சிகளிலும் கிராட்டோஸ் என்னும் ஸ்பார்ட்டா வீரன் கிரேக்கத் தெய்வங்களைக் கொன்று குவித்தான். 2018இல் கோரி பார்லாக் என்பாரின் இயக்கத்தில், சோனி நிறுவனத்தின் சாந்தா மோனிகா கூடத்தார் அவனை நார்ஸ் புராண உலகிற்குக் கொண்டுவந்தனர். 2022இல் எரிக் வில்லியம்ஸ் இயக்கிய 'ரக்னரோக்' அக்கதையை நிறைவு செய்தது.

நார்ஸ் புராணம் வட ஐரோப்பிய மக்களின் பழங்கதை. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஏட்டில் ஏறிய எட்டா நூல்களே அதற்குத் தலையாய ஆதாரம். அவற்றுள் ஒன்றை இயற்றியவர் ஸ்னோரி ஸ்டுர்லுசன். ஓடின் பெயரால் புதனையும், தோர் பெயரால் வியாழனையும் ஆங்கிலேயர் இன்றும் அழைக்கின்றனர். அப்புராணத்தில் யாவும் முன்னரே விதிக்கப்பட்டவை. உலகம் அழியும் ரக்னரோக் நாளில் ஓடினை ஓநாய் விழுங்கும். தோர் பாம்பின் நஞ்சால் மடிவான். தேவர்கள் இதனை அறிவர். அறிந்தும் தடுக்க இயலார்.

'எல்லாம் தலையெழுத்து' என்னும் சொல்லைத் தோட்டத்து லயத்திலும் பட்டணத்துக் கடைவீதியிலும் கேட்டு வளர்ந்த நமக்கு இக்கொள்கை புதிதன்று. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழக்கே இவ்விளையாட்டின் வழக்கு என்பது நமது துணிபு.

2018ஆம் ஆண்டின் கதை எளியது. கிராட்டோஸின் மனைவி இறந்துவிட்டாள். உலகங்கள் அனைத்திலும் உயர்ந்த சிகரத்திலிருந்து தன் சாம்பலைத் தூவவேண்டும் என்பது அவள் இறுதி விருப்பம். தந்தையும் மகன் அட்ரேயஸும் புறப்படுகின்றனர். அவள் சிதைக்கு மரம் வெட்டுவதே ஆடுவோன் செய்யும் முதற்றொழில். நாம் பொத்தானை அழுத்துகின்றோம், கோடரி வீழ்கின்றது. பொற்கை அடையாளம் பதித்த அம்மரங்கள் அவ்வீட்டைக் காத்த மந்திர வேலி என்பதும், அடையாளம் பதித்தவள் அம்மனைவியே என்பதும் பின்னரே விளங்குகின்றன. வேலி அறுந்ததும் பகைவன் வாயிலில் நிற்கின்றான். பயண முடிவில், தாம் நடந்த வழியெல்லாம் சுவரில் முன்பே தீட்டப்பட்டிருக்கக் காண்கின்றனர். திரையிட்ட ஒரு மூலையில் தந்தையின் சாவும் தீட்டப்பட்டிருக்கின்றது. அவன் அதனை மகனுக்குக் காட்டாது மறைக்கின்றான். இவ்வளவில் ஊழே வென்றது என்று தோன்றும்.

நிற்க. இக்கதையின் உயிர்நிலை பால்டரின் சரிதையில் இருக்கின்றது. ஸ்னோரியின் நூலில் பால்டர் எல்லோருக்கும் இனியவன். தாய் பிரிக், மகனைத் துன்புறுத்துவதில்லை என்று உலகிலுள்ள பொருள்களிடம் ஆணை பெறுகின்றாள். புல்லுருவி ஒன்றை மட்டும் விட்டுவிடுகின்றாள். அதுவே அவனைக் கொல்கின்றது. விளையாட்டை ஆக்கியோர் பிரிக்கையும் பிரேயாவையும் ஒருத்தியாக்கி, இக்கதையைத் தலைகீழாய்த் திருப்பியிருக்கின்றனர். மகன் வீணே மாள்வான் என்ற குறிசொல்லுக்கு அஞ்சிய தாய், அவனுக்கு நோவே தெரியாதவாறு மந்திரமிடுகின்றாள். நோவோடு சுவையும் இன்பமும் அவனை விட்டு நீங்குகின்றன. அவன் தாயை வெறுக்கின்றான். வெறுப்பு கொலைவெறியாக முற்றுகின்றது. தாயைக் காக்கவே கிராட்டோஸ் அவனைக் கொல்லும்படி நேர்கின்றது. குறிசொல் பலித்ததா? பலிக்கவில்லை, பலிக்கவைக்கப்பட்டது. அச்சமே அதனைப் பலிக்கவைத்தது. ஊழ் என்பது அச்சம் பெற்ற பிள்ளை என்பதை இதனினும் தெளிவாய்க் காட்டுதல் அரிது.

ரக்னரோக்கில் ஓடின் அவ்வச்சத்தின் மற்றொரு வடிவம். அவனை இடிக்குரல் எழுப்பும் மாவீரனாய்க் காட்டாது, இனிக்கப் பேசும் கிழவனாய்க் காட்டியது சிறப்பு. கொடுங்கோலன் எப்போதும் வாளோடு வருவதில்லை. 'உன் நன்மைக்கே' என்ற சொல்லோடும் வருவான். விதியை அறிய மூன்று நார்ன் மாதரை நாடிச் செல்லும் கிராட்டோஸ், விதி என்று ஒன்றில்லை என்ற விடையையே பெறுகின்றான். மனிதர் தம் குணத்தின்படியே மீண்டும் மீண்டும் நடப்பதால், அவர் செயலை முன்கூட்டிச் சொல்ல முடிகின்றது என்கின்றனர். குணம் மாறின் விதியும் மாறும் என்பதன்றோ இதன் பொருள்! தான் கண்ட எதிர்கால ஓவியத்தை இறந்துபோன மனைவியே அழித்திருந்தாள், கணவனும் மகனும் தம் வழியைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டுமென்று. சுவரில் செத்த கிராட்டோஸ் நேரில் சாகவில்லை.

பிறப்புப் பெருமைக்கும் இங்கே நல்ல அடி விழுகின்றது. 'நீ தெய்வப் பிறவி' என்று கேட்ட அன்றே அட்ரேயஸ் செருக்குற்று, உதவிய குள்ளனை இழித்துப் பேசி, அடிபட்டுக் கிடக்கும் தோரின் மகனைக் கத்தியாற் குத்துகின்றான். பிறப்பால் உயர்ந்தோம் என்ற எண்ணம் ஒரு நல்ல பிள்ளையை எவ்வளவு விரைவில் கெடுக்கும் என்பதை மேடைப் பேச்சுகள் பலவற்றினும் இக்காட்சி நன்கு உணர்த்தும்.

இனிக் குறைகளைக் கூறுவோம். ஊழில்லை என்று கூறும் இவ்விளையாட்டு, ஆடுவோனுக்குத் தேர்வே தருவதில்லை. பால்டரைக் கொல்லலாமா என்று நம்மைக் கேட்பாரில்லை. ஹெய்ம்டாலை உயிரோடு விட கிராட்டோஸ் முயல்கின்றான். அவன் மகனைக் கொல்வேன் என்று சூளுரைக்கவே, சினம் மீறிக் கழுத்தை நெரிக்கின்றான். அங்கும் நமக்கு வேறு வழியில்லை. நாவலிலும் முடிவு ஆசிரியர் கையில்தானே என்பர் சிலர். உண்மை, ஆனால் நாவல் நம் கையிற் கோடரியைத் தருவதில்லை. 'இதனினும் மேலானவராதல் வேண்டும்' என்று தந்தை மகனுக்குப் போதிக்கின்றான். அதே வேளையில் ஆட்டக் கணக்கோ ஒவ்வொரு கொலைக்கும் மதிப்பெண் கூட்டுகின்றது. வாயில் ஓர் அறமும் கணக்கில் ஓர் அறமும் பொருந்தா. முதற்பாகத்தில் ஒரே வகைப் பூதங்களோடு திரும்பத் திரும்பப் பொருதுவதும் சலிப்பே.

யாவற்றினும் பெருங்குறை ஈற்றில் உளது. போர் முடிந்தபின் கிராட்டோஸ் மற்றோர் ஓவியத்தைக் காண்கின்றான். அதில் மக்கள் அவனைப் போற்றி வணங்குகின்றனர். அவன் கண்ணீர் சொரிகின்றான். தெய்வங்களை வீழ்த்தியவனுக்கே தெய்வப் பூசையா? விதியில்லை என்று கூறிய வாயே மீண்டும் குறிசொல்வதா? சிதைந்த உலகைச் சீர்ப்படுத்த அவன் தங்கிவிட்டான் என்பதே போதுமான புகழ். அதற்குமேல் இட்ட மாலை மிகை.

இக்குறைகள் இருப்பினும், அச்சத்தை விட்டவனுக்கு ஊழில்லை என்ற உண்மையை இத்தனை மணி நேரம் கையாலும் கண்ணாலும் உணரவைக்கும் ஆக்கங்கள் சிலவே. இது சிறுவர்க்குரியதன்று, குருதி மிகுந்தது. வயது வந்த பிள்ளைகள் ஆடட்டும். பெற்றோர் அருகில் அமர்ந்து, 'அந்தத் தாய் ஏன் அஞ்சினாள்?' என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும். அதற்கு விடை தேடும் பிள்ளை தலையெழுத்தைக் காட்டி ஓயமாட்டான்.