டயாலிசிஸ் வார்டில் ஒரு மனநலக் கேள்வித்தாள்

கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருந்ததா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா? பிஎச்கியூ-9 என்ற தாள் இப்படி ஒன்பது கேள்விகள் கேட்கிறது. மொத்த மதிப்பெண் 27. பத்தைத் தொட்டால் மனச்சோர்வு இருக்கக்கூடும், மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடமும் புராஸ்டேட் புற்றுநோய்க்காரர்களிடமும் பல நாடுகளில் இதைத்தான் நீட்டுகிறார்கள்.

இதன் பலம் பெரிது. ஐந்து நிமிடம் போதும்; செலவில்லை; பழகிய செவிலியரே கேட்டுவிடலாம். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத இந்தியாவில் இதை ஒதுக்கிவிட முடியாது. 2022-இல் நாட்டில் பதிவான தற்கொலைகளில் 18.4 விழுக்காட்டுக்கு நோயே காரணம் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம்.

குறைகளும் உண்டு. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை மூன்றும் ரத்தத்தில் யூரியா ஏறினாலே வரும். உடல் கோளாறு மனக்கோளாறாக எண்ணப்படலாம். அதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கம்: ‘கிட்னி போனவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று உண்மையான மனச்சோர்வைத் தள்ளிவிடுவது.

அடுத்த குறை, யார் யாரிடம் கேட்கிறார் என்பது. ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்து நாகலாபுரம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம். வீட்டில் தமிழ் பேசும், புராஸ்டேட் புற்றுநோய் உள்ள முதியவரிடம் தெலுங்குத் தாளை வாசித்தால், சிறுநீர் அடக்க முடியாமல் போனதையும் தாம்பத்தியம் நின்றதையும் அவர் வாய்விட்டுச் சொல்வாரா? இதே பகுதியில் வாழும் பழங்குடியினரான யானாதிகளுக்கும் தலித்துகளுக்கும் மொழிக்கு முன்பே தயக்கம் வந்து நிற்கிறது. மருத்துவமனையில் அதட்டல் வாங்கிப் பழகியவர், ‘ஒன்றுமில்லைங்க’ என்றுதான் சொல்வார். மதிப்பெண் சுழியம். நலமாக இருக்கிறார் என்று பதிவாகிவிடும்.

ஒரு பிரிவினரின் நோய் இப்படிக் கணக்கில் விடுபடுவது அமெரிக்காவில் இன வேறுபாடாக வெளிப்பட்டது. கறுப்பினத்தவருக்கென்று தனியே ஒரு பெருக்கல் எண் வைத்து சிறுநீரகச் செயல்திறனைக் கணக்கிட்டார்கள். அதனால் அவர்களுடைய சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இயங்குவதாகத் தெரிந்தது. மாற்று சிறுநீரகத்துக்கான வரிசையில் பலர் தாமதமாகவே சேர்ந்தார்கள். 2021-இல் அந்த எண்ணை நீக்கப் பரிந்துரை வந்தது. 2023 முதல் இழந்த காத்திருப்புக் காலத்தையும் சேர்த்துத் தர உத்தரவானது. நோயாளிகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்ததால்தான் அநீதி கண்ணில் பட்டது. நம் ஊரில் மதிப்பெண்ணோடு தாய்மொழியையும் சாதிப் பிரிவையும் சேர்த்து ஆராயாவிட்டால், எவருடைய துயரம் விடுபடுகிறது என்று எப்படித் தெரியும்?

2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சாதி, மதம், வர்க்கம் பாராத சிகிச்சையை உரிமையாக்கியது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் பல மொழிகளில் பேச ஆள் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒற்றை அறை வீட்டில், மருமகள் காதுபடச் சிறுநீர்ப்பை பற்றிப் போனில் பேச எந்த மாமனாரால் முடியும்?

ஆந்திர அரசு டயாலிசிஸ் நோயாளிக்கு மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. காசு கொடுக்க வழி கண்டவர்களுக்கு, பேச ஆள் தருவதும் கடினமில்லை. டயாலிசிஸ் ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஓடுகிறது. நோயாளியின் மொழி பேசும், அவர் சமூகத்திலிருந்தே வந்த, பயிற்சி பெற்ற ஒருவர் அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாக அதே ஒன்பதையும் கேட்கட்டும். அவருக்குச் சம்பளம் நிர்ணயித்து, டயாலிசிஸ் மையங்களின் ஒப்பந்தத்திலேயே அந்தப் பணியிடத்தைச் சேர்க்க வேண்டும்.