'4கே' என்ற முத்திரை போதுமா?

வீட்டுத் திரையரங்குக்கென ஒரு சிறு கணிப்பொறி வாங்க எண்ணுகிறீர்கள். 'வன்பொருள் முறையில் 4கே வீடியோ' என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. இந்த ஒரு வரியை நம்பிப் பணம் கொடுக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. ஏன் என்று கணக்கிட்டே பார்ப்போம்.

முழு எச்.டி. படச்சட்டம் ஒன்றில் 1920 x 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 25 சட்டங்கள் எனக் கொண்டால், விநாடிக்கு 124 கோடி பிட்டுகள் வேண்டும். புளூ-ரே வட்டில் படத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ விநாடிக்கு 4 கோடி பிட்தான்! ஆகவே படத்தை முப்பது மடங்குக்கு மேல் சுருக்கியாக வேண்டும். அடுத்தடுத்த சட்டங்களில் பெரும்பகுதி மாறுவதில்லை அல்லவா? எனவே 'இந்தக் கட்டம் இவ்வளவு தூரம் நகர்ந்தது' என்ற குறிப்பையும், எஞ்சிய வேறுபாட்டையும் மட்டும் பதிந்தால் போதும். இக்குறிப்புகளிலிருந்து படத்தை மீட்டெடுப்பதே குறிநீக்கம்.

இதை மையச் செயலியே நிரலின்படி செய்வது மென்பொருள் வழி. இதற்கென்றே சில்லில் அமைந்த தனிச் சுற்று செய்வது வன்பொருள் வழி. பின்னதில் மின்திறனும் வெப்பமும் குறைவு. விசிறியின் இரைச்சலும் குறையும். இந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் சில்லில் செதுக்கிய சுற்று தான் கற்ற பாடத்தைத் தவிர வேறொன்றும் அறியாது. 2003-இல் வந்த எச்.264 முறைக்கு மட்டும் அமைத்த சுற்றுக்கு 2013-இன் எச்.ஈ.வி.சி. புரியாது, 2018-இன் ஏவி1-உம் புரியாது. எச்.264-இலேயே 8 பிட் படத்தை ஏற்கும் பல சுற்றுகள் 10 பிட் படத்தை ஏற்பதில்லை. '4கே' என்பது புள்ளிகளின் எண்ணிக்கையே தவிர, குறிமுறையின் பெயர் அன்று. விளம்பரத்தின் குறை இங்கேதான் இருக்கிறது.

ராஸ்பெரி பை பலகைகளை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த முதல் பலகையின் சில்லில் எம்பெக்-2 முறைக்கான சுற்று இருந்தும் பூட்டப்பட்டிருந்தது. 2.40 பவுண்டு செலுத்தி உரிமத் திறவுகோல் பெற்றவருக்கே அது திறந்தது. 2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-இலோ எச்.264 சுற்று நீக்கப்பட்டு, எச்.ஈ.வி.சி. குறிநீக்கச் சுற்று மட்டுமே உள்ளது. இது பின்னடைவாகத் தோன்றலாம். ஆயினும் அதன் நான்கு கருக்கள் கொண்ட செயலி, முழு எச்.டி. எச்.264 படத்தை மென்பொருள் வழியிலேயே ஓட்டிவிடும். ஆனால் விநாடிக்கு 60 சட்டங்கள் கொண்ட 4கே படத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 50 கோடி புள்ளிகள். முன் கணக்கைப்போல் பத்து மடங்கு. எதையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே 'வன்பொருள் உண்டா, இல்லையா' என்ற கேள்வி மட்டும் போதாது. எந்தக் குறிமுறை, எத்தனை பிட், விநாடிக்கு எத்தனை சட்டங்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். விற்பவர்கள் இவற்றைப் பெட்டியின் மேலேயே அட்டவணையாக அச்சிட வேண்டும்.

வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியைத் தூக்கி எறியுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். படம் ஓடும்போது மையச் செயலியின் சுமையைப் பாருங்கள். சுற்று இருந்தும் சுமை மிகுந்திருந்தால், இயக்கும் மென்பொருள் அச்சுற்றைப் பயன்படுத்தாமல் இருக்கலாம். அமைப்பைத் திருத்தினால், புதிய பெட்டி வாங்கும் செலவே மிச்சமாகக் கூடும்.