தாலி வழி வரும் தலைமை

"ஆயரம்மா சபைக்கே தாய். தாயை ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுப்பார்கள்?" பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைமை பற்றிப் பேச்செடுத்தால் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சபைகளில் இந்தப் பதில் உடனே வந்து விழுகிறது. கேட்க இனிமையாக இருந்தாலும் இது தவறான பதில்.

சங்கத்தின் வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. வாராந்தர ஜெபக்கூட்டம், மார்ச் முதல் வெள்ளியில் உலக ஜெப நாள், நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவது, அறுப்பின் பண்டிகைக்குப் பலகாரம் சுட்டு விற்றுப் பணம் திரட்டுவது என்று ஆண்டு முழுவதும் ஓயாத உழைப்பு. துக்க வீட்டுக்கு முதலில் வந்து அடுப்பு மூட்டுவதும் இவர்களே. வீட்டில் வாய் திறக்காத பெண் இங்கேதான் நாலு பேர் முன்னால் சத்தமாக ஜெபிக்கப் பழகுகிறாள். இவ்வளவையும் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனை உழைப்புக்கும் தலைவி யார்? பெரும்பாலான சபைகளில் ஆயரின் மனைவி, அதாவது ஆயரம்மா. பேராயத்தில் பேராயரின் மனைவி. ஆயருக்கு மாற்றல் வந்தால் தலைவியும் சாமான்களோடு லாரி ஏறுகிறார். புது ஆயரோடு புதுத் தலைவி வந்து இறங்குகிறார், உறுப்பினர்களின் பெயர்கூடத் தெரியாமல். இருபது வருடம் சங்கத்தைத் தூக்கி நிறுத்திய பெண் செயலராகவே இருக்கிறாள், செயலராகவே ஓய்கிறாள்.

இந்த வழக்கத்துக்கு மேரி சம்னரை முன்னோடியாகக் காட்டுவார்கள். 1876இல் இங்கிலாந்தில் தாய்மார் சங்கத்தைத் தொடங்கிய அவர் ஓர் ஆயரின் மனைவிதான். ஆனால் ஊர்த் தாய்மார்களைத் தாமே கூட்டி வேலையைத் தொடங்கினார். தலைமை அந்த வேலையால் வந்தது. நாம் அவருடைய உழைப்பை விட்டுவிட்டு அவருடைய திருமணத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இதே திருச்சபை 1976இல் ஒரு பெண்ணுக்கு ஆயர் பட்டம் கொடுத்தது. 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார். பெண் ஆயர் பொறுப்பேற்கும் சபையில் அவருடைய கணவரை ஆண்கள் ஐக்கியத்துக்குத் தலைவராக உட்கார வைப்பார்களா? யாருக்கும் அந்த நினைப்பே வராது. ஆண்களுக்குத் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தெரியும், பெண்களுக்குத் தெரியாது என்பதைத் தவிர இந்த வழக்கத்துக்கு வேறு பொருள் எனக்குப் புலப்படவில்லை.

தெரியாது என்று எப்படிச் சொல்வது? 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று எங்கள் காஞ்சிபுரத்தில் தெருத்தெருவாக இருக்கின்றன. ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் பெண்களே தேர்ந்தெடுக்கிறார்கள், கணக்கு கேட்கிறார்கள், சரியில்லை என்றால் மாற்றுகிறார்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் அதே பெண், ஆலயத்துக்குள் வந்ததும் விவரமறியாதவளாகிவிடுகிறாளா?

பெண் உழைக்க, பெயர் வேறொருவருக்குப் போவது காஞ்சிபுரத்துக்குப் பழகிய அநியாயம். நூலைத் தார் சுற்றுவதும், கோர்வைப் பட்டில் கரையை உடலோடு இணைக்கத் துணைக்கு உட்காருவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். நெசவாளர் என்று பெயர் எழுதிக் கூலி வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். தறி வீட்டில் நடப்பதைச் சபையும் செய்யலாமா?

ஆயரம்மாவுக்கும் இது கொடுமைதான். அவர் நர்ஸாகவோ டீச்சராகவோ வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். மேடையும் மைக்கும் பிடிக்காதவராக இருக்கலாம். யாரும் அவரிடம் கேட்பதில்லை. கல்யாணத்தன்றே இந்தப் பதவியும் அவர் தலையில் ஏறிவிடுகிறது. மறுத்தால் "இந்த அம்மாவுக்கு ஊழியத்தில் ஆர்வமில்லை" என்ற பேச்சு வேறு.

சங்கத்தின் விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும்: தலைவியை உறுப்பினர்களே மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டும். விருப்பமுள்ள ஆயரம்மாவும் நிற்கட்டும். ஜெயித்தால், அந்தப் பதவி முதல்முறையாக அவருடைய சொந்தப் பதவியாக இருக்கும்.