'தேசிய' என்பது யார்? கிராண்ட் டீட்டன் பூங்காவை முன்வைத்து

தேசியப் பூங்காக்கள் பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் காடா மக்களா என்ற எதிர்வுக்குள் சிக்கிக்கொள்கின்றன. இரு தரப்புமே தாண்டிப்போகிற கேள்வி ஒன்றுண்டு. அந்த நிலத்துக்கு யார் காசு கொடுத்தது, யார் வாங்கிக்கொண்டது? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள கிராண்ட் டீட்டன் பூங்கா உருவான கதையில் இந்தக் கேள்விக்கு வெளிப்படையான பதில் கிடைக்கிறது என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1929இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தப் பூங்காவை அமைத்தபோது, உள்ளே வந்தது மலைத்தொடரும் அடிவாரத்து ஏரிகள் சிலவும் மட்டுமே. கீழேயிருந்த ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் மாட்டுப் பண்ணைகள் இருந்தன. அவற்றை வாங்க அரசிடம் பணமில்லை. பணம் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரிடம் இருந்தது, ஸ்டாண்டர்ட் ஆயில் பணம். 1927இல் 'ஸ்நேக் ரிவர் லேண்ட் கம்பெனி' என்ற பெயரில் நிலம் வாங்க ஆரம்பித்தார்கள். வாங்குவது யாரென்று விற்றவர்களுக்குத் தெரியாது; தெரிஞ்சா விலை ஏறிடுமே! இப்படிச் சேர்ந்தது ஏறத்தாழ 35,000 ஏக்கர், 14 லட்சம் டாலர் செலவில். 1930இல் விஷயம் வெளியே வந்தது. 1933இல் செனட் குழுவொன்று ஜாக்சனுக்கே போய் விசாரித்து, கம்பெனி குற்றமேதும் செய்யவில்லை என்றது. உண்மைதான், எல்லாம் சந்தை விதிப்படி நடந்த வியாபாரம். ஆனாலும் ஒரு 'பொதுச்சொத்து' ரகசியத்தில் பிறக்க வேண்டியிருந்தது.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. வாங்கிய நிலத்தை ராக்ஃபெல்லர் தானமாகத் தர முன்வந்தும், வயோமிங் அரசியல்வாதிகளின் எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் எதுவும் நடக்கவில்லை. 1942இல் அவர் உள்துறைச் செயலர் ஹரால்ட் இக்கிஸுக்குக் கடிதம் எழுதினார். அரசு ஏற்காவிட்டால் விற்றுவிடப்போவதாக! தானம் மிரட்டலின் மொழியைப் பேசத் தொடங்கியது. 1943 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், 1906ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைக் கொண்டு, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் 'தேசிய நினைவுச்சின்னம்' என்று அறிவித்தார். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே மத்திய அரசின் நிலம். பண்ணைக்காரர்கள் நூற்றுக்கணக்கான மாடுகளை அனுமதியில்லாமல் அதன் குறுக்கே ஓட்டிப்போனார்கள். ஹாலிவுட் நடிகர் வாலஸ் பீரியும் கூடப் போனார். 1944இல் அறிவிப்பை ரத்துசெய்யும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ரூஸ்வெல்ட் கையெழுத்திடவில்லை. நினைவுச்சின்னத்தின் நிர்வாகத்துக்கு நிதி கூடாதென்று நாடாளுமன்றம் ஒதுக்கீட்டிலேயே தடைபோட்டது.

இந்த இடத்தில் தோழர்கள் பலருக்கு மாடு ஓட்டியவர்கள் பக்கம் நிற்கத் தோன்றும். எதிரே எண்ணெய் முதலாளி, இந்தப் பக்கம் உழைக்கிற ஊர்க்காரர்கள். ஆனால் யார் இந்த ஊர்க்காரர்கள்? அன்று மாடு ஓட்டிய கிளிஃப் ஹான்சன் பின்னாளில் மாநில ஆளுநரானார், செனட்டரும் ஆனார். அதைவிட முக்கியம், 1884இல்தான் முதல் குடியேறிகள் இங்கே பண்ணை போட்டார்கள். அதற்கு முன்பு கோடைதோறும் வந்து வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தவர்களில் ஷோஷோன் மக்கள் உண்டு. 1868 ஃபோர்ட் பிரிட்ஜர் ஒப்பந்தம் கிழக்கு ஷோஷோன்களை விண்ட் ரிவர் ஒதுக்கிடத்துக்குள் அடைத்தது. மார்க்ஸ் ஆதித் திரட்டல் என்றாரே, அது அப்போதே முடிந்துவிட்டது. 1943இல் நடந்தது, பறித்த நிலத்தை வைத்திருந்தவர்களுக்கும் அதை விலைக்கு வாங்கியவருக்கும் இடையிலான தகராறு. இரு தரப்பும் தம்மை 'மக்கள்' என்றே அழைத்துக்கொண்டன.

1950 செப்டம்பர் 14 அன்று ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தில் சமரசம் ஏற்பட்டது. ராக்ஃபெல்லர் கொடுத்த நிலமும் நினைவுச்சின்னத்தின் பெரும்பகுதியும் பூங்காவுடன் சேர்ந்தன. பண்ணைக்காரர்களுக்கு மேய்ச்சல் உரிமை, கவுண்டிக்கு வரி இழப்பீடு, வேட்டைக்காரர்களுக்கு எல்க் மான், மாநிலத்துக்கு, இனி இப்படியோர் அறிவிப்பை ஜனாதிபதி தன்னிச்சையாக வெளியிட முடியாதென்ற உறுதி. ஆளாளுக்கு ஒன்று. இந்தச் சலுகைப் பட்டியலில் ஷோஷோன் என்ற பெயரே இல்லை.

கதை 1950உடன் முடியவில்லை. பள்ளிக்கூட நிதிக்காக வயோமிங் வைத்திருந்த 640 ஏக்கரை ஏலம் விடலாமா என்று 2023இல் பேச்சு எழுந்தது. கடைசியில் 2024 டிசம்பரில் அது 10 கோடி டாலருக்குப் பூங்காவுக்குப் போனது. 6.24 கோடி மத்திய அரசின் நிலம்-நீர் பாதுகாப்பு நிதி. மீதி தனியார் நன்கொடை. அந்த நிதிக்கு வருமானம் எங்கிருந்து? கடலடி எண்ணெய், எரிவாயுக் குத்தகையிலிருந்து. 1927லும் எண்ணெய், 2024லும் எண்ணெய்.

பூங்கா வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. யாரும் வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பள்ளத்தாக்கில் விடுதியும் வீட்டுமனையும்தான் முளைத்திருக்கும். நமக்கு வேண்டியது ஒரு வாசிப்பு முறை. எந்தப் பூங்காச் சட்டத்தையும் அதன் முகவுரையிலிருந்து படிக்காமல், நஷ்டஈடு பெற்றவர்களின் பட்டியலிலிருந்து படிக்கத் தொடங்கலாம். அதில் இல்லாதவர்கள் யார் என்று தேடுவதுதான் 'தேசிய' என்ற சொல்லைக் கட்டுடைக்கும் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் முதலாளியை எதிர்ப்பவரெல்லாம் நம்ம ஆளுன்னு கூடப்போய் நிற்பது அரசியல் ஆகாது.